எத்தனை மணி நேரம் வேண்டும்?

திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ‘பரம் பொருள்’ மீத்திறன் கணினியைப் பற்றிய எழுத்துகளில் 838 டெராஃபிளாப்ஸ் என்ற எண்ணே, அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் என்ற வியப்பே, திரும்பத் திரும்ப இடம்பெறுவது எரிச்சலூட்டுகிறது. 2015இல் ரூ.4,500 கோடி மதிப்பில் ஒப்புதல் பெற்ற தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின்கீழ் சி-டாக் நிறுவனம் அமைத்த அந்த இயந்திரம் மக்கள் பணத்தில் எழுந்தது. அதில் முதன்முறை நுழையும் மாணவர் வேலையை எவ்வாறு தொடங்குவார் என்பதை எவரும் எழுதுவதில்லை.

தொழில்நுட்பக் கையேடுகள் தமிழில் இல்லை என்பது பழகிய புலம்பல். ஆயினும் இங்கும் அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆயக்குடி என்ற ஊரில் தமிழ்வழியில் படித்து, ஊர்க் கொய்யாத் தோப்புகளின் இலைப்படங்களிலிருந்து நோயை இனங்காணும் நிரலை ஆய்வாக எடுக்கும் மாணவி ஒருவர் இருப்பின், அவர்முன் விரிவது பொத்தான்களற்ற கறுப்புத் திரையும் ஆங்கிலக் கையேடும்தான். இத்தகைய மீத்திறன் கணினி ஒரே பெட்டியன்று, நோடு எனப்படும் பல கணினிகள் அதிவேக வலையால் பிணைக்கப்பட்ட கணினிக் கொத்து. கடவுச்சொல் கொடுத்து நுழையும் லாகின் நோடு கோப்புகளைத் திருத்தவும் வேலையை ஒப்படைக்கவும் மட்டுமே உரியது. அங்கேயே பெரிய நிரலை ஓட்டினால் அதன்வழி நுழைந்துள்ள அனைவரின் பணியும் தடுமாறும். இவ்வளவையும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம்.

அந்தப் பக்கத்தில் முதலிடம் பெறவேண்டியது வரிசை. ஜாப் எனப்படும், ஒப்படைக்கப்பட்ட வேலை உடனே ஓடிவிடாது. யாருடைய வேலை எப்போது, எந்த நோடில் ஓடும் என்று தீர்மானிக்கும் ஸ்லர்ம் போன்ற ஷெட்யூலர் மென்பொருளிடம், எத்தனை கோர் (செயலியின் கணக்கிடும் கரு), எவ்வளவு நினைவகம், எத்தனை மணி நேரம் என்று எழுதித் தரவேண்டும். புதியவர்களை அதிகம் குழப்புவது நேரமே. குறைத்துக் கேட்டால் கெடு முடிந்ததும் வேலை பாதியில் நிறுத்தப்படும் என்பதால், அச்சத்தில் உச்ச வரம்பையே கேட்டுவிடத் தோன்றும். ஆனால், 10 நோடு தேவைப்படும் பெரிய வேலையொன்று முன்னால் காத்திருக்க, 8 நோடு காலியாகி, மீதி 2 நோடு விடுபட 4 மணி நேரம் ஆகுமெனில், அதுவரை அந்த 8 நோடும் சும்மா கிடக்கும். 2 மணி நேரம் போதும் என்று எழுதியவரின் சிறு வேலையை ஷெட்யூலர் அந்த இடைவெளியில் முடித்துவிடும். இதற்கு பேக்ஃபில் என்று பெயர். 48 மணி நேரம் என்று எழுதியவர், தம் வேலை உண்மையில் 2 மணி நேரத்தில் முடியக்கூடியதாக இருந்தாலும், காத்தே கிடப்பார். மின்சாரமும் குளிரூட்டலும் செலவாகிக்கொண்டே இருக்க, நோடுகள் வெறுமனே நிற்கும். இது தனிமனித அவசரம் பற்றிய விஷயமன்று, பொதுச்சொத்து வீணாவது பற்றியது.

கோர்களை மிகையாகக் கேட்பதும் அத்தகையதே: ஒரு நிரலின் 5 விழுக்காடு ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கவேண்டியதாயின், 1967இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதப்படி, ஆயிரம் கோர் தந்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது.

ஆகவே அம்மாணவி 20,000 படங்களோடு தொடங்காமல், முதலில் 200 படங்களில் ஓட்டி, பிடித்த நேரத்தை அளந்து, முழு வேலைக்கு ஆகும் நேரத்தைக் கணித்து, அதோடு கால் பங்கு கூட்டிக் கேட்பதே முறை. நிரலின் நிலையை இடையிடையே கோப்பில் சேமிக்கும் செக்பாயிண்ட் ஏற்பாடும் இருந்தால், கெடு தவறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேலை முடிந்தபின், கேட்ட நேரத்தையும் செலவான நேரத்தையும் ஷெட்யூலரின் பதிவேடு அருகருகே காட்டும். அடுத்த ஜாபில் எழுதவேண்டிய எண் அங்கேயே கிடைத்துவிடும்.