ரவிவர்மாவின் மனைவி பெயர் தெரியுமா?

ராஜா ரவிவர்மா பேச்சு வந்தாலே அடுத்த கேள்வி, 'அந்த மாடல் யாரு?' என்பதுதான். 2014-ல் வெளியான 'ரங் ரசியா' இந்திப் படமும் சுகந்தா என்ற மாடலைச் சுற்றித்தான் ஓடும். மனைவியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பெயர் பாகீரதி. மாவேலிக்கரை அரச குடும்பம். 1866-ல் கல்யாணம் நடந்தபோது அவருக்கு 12 வயசு, ரவிவர்மாவுக்கு 18. கேரள அரச குடும்பங்களில் அப்போது மருமக்கத்தாயம். அதாவது சொத்து, வம்சம் எல்லாம் அம்மா வழி. கல்யாணமானாலும் பெண் தாய்வீட்டில்தான் இருப்பார். பிள்ளைகளும் அந்த வீட்டுக் கணக்குதான். ரவிவர்மா பரோடா, மும்பை என்று ஊர் ஊராகச் சுற்ற, பாகீரதி மாவேலிக்கரையில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார்.

1893-ல் ரவிவர்மா வரைந்த 'அதோ அப்பா வர்றார்' ஓவியத்தைத் தேடிப் பாருங்க. கையில் குழந்தையோடு ஒரு பெண், வரப்போகிறவரை எதிர்பார்த்து நிற்கிறார். அது பாகீரதி இல்லை, மகள் மகாபிரபா. ஆனா அந்தக் காத்திருப்பு அம்மாவுடையது என்றுதான் எனக்குத் தோணுது. வரைந்தவரே வருஷக்கணக்கில் வீட்டுக்கு வெளியே இருந்தவர்தானே!

எங்க சேவூர்ல இது புதுசில்லை. பட்டுத்தறி இருக்கிற வீட்டில் தார் சுற்றித் தருவது பெரும்பாலும் மனைவிதான். 'யார் நெசவு?' என்று கேட்டால் வருவது கணவர் பெயர். 2008-ல் ரவிவர்மா ஓவியங்களைப் பட்டில் நெய்த ஒரு தமிழ்நாட்டுப் புடவை, சுமார் 40 லட்சம் ரூபாய் விலையோடு கின்னஸில் ஏறியது. ஓவியர் பெயர் எல்லாருக்கும் தெரிஞ்சது. தார் சுற்றினவங்க?

பாகீரதி விஷயத்தில் இன்னொரு திருப்பமும் உண்டு. அவருடைய அக்கா லட்சுமி பாய், திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்துப்போய் ராணியானவர். அவருக்குப் பிள்ளை இல்லை. அதனால் 1900-ல் பாகீரதியின் பேத்திகள் இருவர் தத்தெடுக்கப்பட்டார்கள். அதில் ஒருவரின் மகன்தான் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள். 1936-ல் திருவிதாங்கூர் கோயில்களை எல்லா சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது அந்த சமஸ்தானத்தில்தான் இருந்தது.

மருமக்கத்தாயக் கணக்குப்படி அவர் பாகீரதியின் வம்சம். ரவிவர்மா வம்சம் இல்லை. ஆனால் இன்னிக்கும் அவரை அறிமுகப்படுத்துறவங்க 'ரவிவர்மாவின் கொள்ளுப்பேரன்' என்றுதான் ஆரம்பிக்கிறாங்க.