எக்ஸ்ரே லயத்துக்கு வரட்டும், தனியாக வர வேண்டாம்

எங்கள் பக்கத்தில் இருமலுக்கு எப்போதும் ஒரு காரணம் கையில் இருக்கும். பனி, மலைக்காற்று, ஈர விறகு, அடுப்புப் புகை. "அது பனி இருமல்தான், கொத்தமல்லி அவிச்சுக் குடி" என்று சொல்லிவிட்டுக் காலையில் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு இது புதுசு இல்லை. எல்லாரும் இருமுகிற இடத்தில் ஒருத்தருடைய இருமலை யார் தனியாகக் கவனிக்கப் போகிறார்கள்?

எங்களில் ஒருவருடைய மாமாவும் இப்படித்தான் நாலு மாதம் இருமினார். உடம்பு மெலிந்து சட்டை தொளதொளவென்று ஆனபிறகுதான் நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க ஆட்டோ, பிறகு பஸ், டவுனில் வரிசை. முதல் நாள் "மெஷின் வேலை செய்யல, வேற நாள் வாங்க" என்றார்கள். இன்னொரு நாள் போய்ப் படம் எடுத்தார். படத்தைக் காட்ட ஒரு நாள், சளி கொடுக்க ஒரு நாள். ஆக நாலு பேர் போச்சு. 2024 செப்டெம்பர் வர்த்தமானியின்படி ஒரு பேருக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. நாலால் பெருக்கி, பஸ் காசையும் ஆட்டோக் காசையும் சேர்த்துப் பாருங்கள். காசநோய் என்று உறுதியானபோது, அதே காம்பராவில் படுத்த அவருடைய சின்ன மகளையும் பரிசோதிக்க வேண்டி வந்தது.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், டொக்டர்கள் இல்லை. ஆனாலும் இதைப் பற்றி வாசித்தும் விசாரித்தும் பார்த்தபிறகு எங்களுக்கு ஒரு கருத்து இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஆளைத் தேடித் தோட்டத்துக்கு வர வேண்டும். ஆனால் எக்ஸ்ரே மட்டும் வந்தால் அது பாதி வேலைதான்.

ஏன் எக்ஸ்ரே? காசநோய் பக்டீரியாவால் வருகிற நோய். சளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்பது பழைய முறை. ஆனால் ஒரு மில்லிலீற்றர் சளியில் ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தால்தான் அது கண்ணில் படும். ஆரம்பத்தில் பலருக்கு அவ்வளவு கிருமி வெளியே வராது. சிலருக்கு இருமலே இருக்காது. எக்ஸ்ரேயில் காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகத் தெரியும். நோய் பிடித்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும், சில நேரம் ஓட்டை விழுந்த மாதிரியும் தெரியும். ஆள் நன்றாக நடந்து திரியும்போதே இதைப் பார்த்துவிடலாம்.

இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நாடு தழுவிய காசநோய்க் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அதை ஒருங்கிணைத்தது சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அறிகுறியையும் கேட்டார்கள், நெஞ்சுப் படமும் எடுத்தார்கள். எக்ஸ்ரே இல்லாமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால், கண்டுபிடித்த நோயாளிகளில் 42.6 வீதமானோர் தவறிப்போயிருப்பார்கள். நூறு பேரில் நாற்பதுக்கும் மேல்! இலங்கையில் வருஷத்துக்கு எட்டாயிரம் பேரளவில் பதிவாகிறார்கள். உண்மையில் நோய் வந்தவர்கள் அதைவிட ஆயிரக்கணக்கில் அதிகம் என்பதுதான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. அந்த விடுபட்டவர்களில் எத்தனை பேர் "பனி இருமல்"காரர்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, அப்படியென்றால் எக்ஸ்ரே எடுத்தால் போதுமே? போதாது. எக்ஸ்ரே காட்டுவது நிழலை. அந்த நிழல் காசநோயாக இருக்கலாம், வேறு பக்டீரியாவால் வந்த நியூமோனியாவாக இருக்கலாம், புற்றுநோயாக இருக்கலாம், எப்போதோ ஆறிப்போன பழைய தழும்பாகவும் இருக்கலாம். 1974இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு, கண்டபடி ஊர் முழுக்கப் படம் எடுக்கும் முறையைக் கைவிடச் சொன்னது. செலவு அதிகம், பலன் குறைவு என்பது காரணம். 2021இல் அதே ஸ்தாபனம் நோய் அதிகமுள்ள இடங்களிலும் குழுக்களிலும் நெஞ்சுப் படத்தைப் பயன்படுத்தலாம் என்றது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் படத்தைக் கணினியே வாசிக்கலாம் என்றும் சொன்னது. இடையில் மெஷின் கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குச் சின்னதானது. படம் பிலிமில் இல்லாமல் திரையில் வந்தது. ஆனால் கணினி கொடுப்பதும் ஒரு புள்ளிதான், நோயின் பெயர் இல்லை. முடிவைச் சளிப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பிரதேசத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. ஆபத்து தெரிந்தே இருந்தது, ஆனால் சனம் அதே லயங்களில்தான் இருந்தது. ஒருத்தருடைய நுரையீரலில் நிழலைக் காட்டிவிட்டு, "பதுளைக்குப் போய்ப் பாருங்க" என்று சொல்லி வண்டி கிளம்பிப் போனால் அதுவும் இதே கதைதான். பெரகலை, அப்புத்தளை, பண்டாரவளை என்று ஏறி இறங்கிப் போய்வர ஒரு நாள் முழுக்க வேண்டும். பலர் போக மாட்டார்கள். போகாததற்கு அவர்களையே குறை சொல்வோம்.

அதனால் நாங்கள் கேட்பது மூன்று விஷயம்.

ஒன்று, படம் எடுத்த இடத்திலேயே, அன்றைக்கே சளியும் எடுக்க வேண்டும். இப்போதுள்ள ஜீன்எக்ஸ்பர்ட் மெஷின் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்று சொல்லும். ஆட்கள் அலைவதற்குப் பதிலாகச் சளி டப்பா பயணம் போகட்டும்.

இரண்டு, பரிசோதனைக்கு வருகிறவருக்கு அன்றைய பேர் முழுதாக விழ வேண்டும். சம்பளம் போகும் என்றால் இலவச மருத்துவமும் இலவசம் இல்லை.

மூன்று, முடிவு அந்த ஆளுக்கு மட்டும் தெரிய வேண்டும். ஒப்பீஸ் வழியாகவோ கங்காணி வழியாகவோ வரக் கூடாது. லயத்தில் சுவர் மெல்லிசு. டீபி என்று ஒரு சொல் வெளியே போனால் தனிக் கோப்பை, தனித் தட்டு, வந்த கல்யாணமும் நின்று போகும்.

இந்தப் பயத்துக்கும் பதில் இருக்கிறது. 1956இல் மெட்ராஸில் தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளில் பாதிப்பேரை சானடோரியத்தில் வைத்தார்கள், மற்றவர்களுக்கு நெரிசலான ஏழை வீடுகளிலேயே மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் தொற்றுவதும் அதனால் கூடவில்லை. ஆபத்து மருந்து தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில்தான். மாமாவின் அந்த நாலு மாதம்தான் ஆபத்து. பிறகு ஆறு மாத மருந்து, இலங்கையில் அது இலவசம்.

"எக்ஸ்ரே கதிர் உடம்புக்குக் கெடுதி இல்லையா?" என்று ஆச்சிமார் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ஒரு நெஞ்சுப் படத்தில் படுவது, நாம் சும்மா இருக்கும்போதே சுற்றுப்புறத்திலிருந்து சில நாட்களில் உடம்பில் படுகிற அளவுதான். கர்ப்பிணிகள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

காசு எங்கே என்பது அடுத்த கேள்வி. தோட்டத்துச் சுகாதாரம் கம்பனியின் பொறுப்பா அரசின் பொறுப்பா என்று ரெண்டு பக்கமும் கைகாட்டியே எங்கள் தாத்தா காலத்திலிருந்து வண்டி ஓடுகிறது. யாருடைய பொறுப்பு என்று அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். கிருமி அதுவரைக்கும் காத்திருக்காது.

மெஷின் வரும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது கவனியுங்கள். அம்மாவோ, அப்பாவோ, பக்கத்துக் காம்பரா அண்ணனோ ரெண்டு கிழமைக்கு மேல் இருமினால் "பனி இருமல்" என்பதை நம்பாதீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள், கூட நில்லுங்கள். படம் எடுக்க முடியாவிட்டாலும் சளியைப் பாருங்கள் என்று கேளுங்கள். சிங்களத்தில் ஃபோர்ம் நிரப்ப ஒரு ஆள் பக்கத்தில் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும். அதுக்கு டொக்டராக இருக்கத் தேவையில்லை.