வெட்டலாமா, கூடாதா?

படத்தின் சட்டகத்தை எங்கே முடிவு செய்வது? கேமராவுக்குள்ளேயே என்பது புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனின் கட்சி. லைக்கா கேமராவில் 50 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த அவருக்கு, பிரிண்ட் போடும்போது ஓரத்தை வெட்டுவது அறவே பிடிக்காது. ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் படம், 1932-இல் பாரிஸ் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய நீரை ஒருவர் தாண்டுகிறாரே, அதுவே வெட்டிய படம்தான்! வேலி இடுக்கு வழியாக எடுத்ததில் இடப்பக்கம் மறைந்துபோயிருந்தது. இன்னொரு புகைப்படக் கலைஞரான அர்னால்ட் நியூமனுக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. 1946-இல் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை அவர் எடுத்த படத்தில், தூக்கி நிறுத்திய பியானோ மூடி கன்னங்கரேலென்று படத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. மனிதரோ இடது கீழ் மூலையில், கையில் தலையைச் சாய்த்தபடி ஒண்டிக்கொண்டிருக்கிறார். நெகட்டிவில் இருந்த மீதி அறையைத் தாராளமாகக் கழித்துக்கட்டினார் நியூமன். என் ஓட்டு அவருக்கே. சட்டகம் அமைக்கச் செல்போன் திரையில் கோடு போட்டுக் காட்டும் மூன்றிலொரு பங்கு விதியைப் பழகுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பியானோ மூடியை அப்படிப் பார்க்கும் கண்ணை அது தராது. வெட்டுகிறவர்கள் தாராளமாக வெட்டட்டும், கல்யாண ஆல்பத்தில் மாமாவின் பாதிக் கையை மட்டும் மிச்சம் வைக்காமல்.