குவாலாவைக் கடக்கக் கற்பிப்போம்



குவாலா கெடா, குவாலா மூடா என்று நம் மாணவர்கள் நாள்தோறும் சொல்கிறார்கள். 'குவாலா' என்னும் மலாய்ச் சொல் ஆறு கடலோடு கலக்கும் இடத்தைக் குறிக்கும். தமிழில் அதனைக் கழிமுகம், முகத்துவாரம் என்போம். பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டங்களுக்கு அந்த இடம் எட்டாத் தொலைவன்று. ஆயினும், அதைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "கடல் பக்கம் போகாதே!" தடை வேறு, அறிவு வேறு.

ஆறு சுமந்துவரும் மணலும் சேறும் முகத்துவாரத்தில் படிந்து திட்டாகின்றன. கடலிலிருந்து வரும் அலை அத்திட்டின்மேல் ஏறும்போது வேகம் குறைந்து உயர்கிறது. அதன் உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போது உடைகிறது. கடல்நீர் வற்றும் வேளையில் ஆற்று நீரோட்டம் அலையை எதிர்ப்பதால், அலை இன்னும் செங்குத்தாகிறது. பின்னால் வரும் அலை சிறுபடகின் பின்புறத்தைத் தூக்கினால், முன்புறம் நீரில் குத்தும். படகு குறுக்கே திரும்பிக் கவிழக்கூடும். ஆகவேதான் தேர்ந்த படகோட்டி நீர் பெருகிவரும் வேளைக்காகக் காத்திருப்பார்; வெண்ணுரை எழும் இடங்களை விலக்கி ஆழமான வழியைத் தேடுவார்; ஐயம் எழுந்தால் நுழையாமல் கடலிலேயே நிற்பார்.

கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்து முதலப்பொழியைப் பாருங்கள். இருபுறமும் அலைத்தடுப்புச் சுவர்கள் இருந்தும் நடுவே மணல் சேர்கிறது. 2023 சூலை 10-ஆம் நாள் அங்கே படகு கவிழ்ந்து மீனவர் நால்வர் மாண்டனர். கடலையே தொழிலாகக் கொண்டோர்க்கே அந்நிலை. நம் மலாக்கா நீரிணை அரபிக்கடல்போல் சீறுவதில்லை என்பது உண்மை. ஆனால், ஆழம் குறையக் குறைய அலை உயரும் என்னும் அதே விதிப்படிதான் 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கோத்தா குவாலா மூடாவைத் தாக்கியது.

கடாரப் பாடத்திலும் இதே குறையைக் காண்கிறேன். இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பை மாணவர் மனனம் செய்கிறார்கள். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையை அடையாளமாகக் கொண்டு வந்த வணிகக் கலங்கள், எந்த வேளை பார்த்து ஆற்றுக்குள் நுழைந்திருக்கும் என்ற கேள்வி வகுப்பறையில் எழுவதில்லை.

எனவே, பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடும் கல்விச் சுற்றுலா, மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள தஞ்சோங் டாவாய் வரை நீளட்டும். நீர் ஏறி இறங்கும் நேர அட்டவணை கணிதப் பாடமாகட்டும். நிலவுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு அறிவியலாகட்டும். அங்குள்ள மலாய் மீனவரிடம் மாணவர்களே கேட்டறியட்டும். பெற்றோர் தம் பங்குக்குப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கட்டும். படகில் ஏறுமுன் உயிர்காப்பு அங்கி அணிவதை வழக்கமாக்கட்டும்.

விரைந்து விடை சொல்பவனையே கெட்டிக்காரன் என்று பாராட்டிப் பழகிவிட்டோம். முகத்துவாரத்திலோ காத்திருக்கத் தெரிந்தவனே கெட்டிக்காரன். அந்தப் பொறுமையும் ஒரு கல்விதான்.

சிந்திப்போம், செயல்படுவோம்.