க்ளவுடில் போட்டாச்சு... ஆனா ஃபைல் எங்கே?

கொல்லிமலை குண்டூர் நாட்டு மாணவி ஒருவர், 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி கவுன்சலிங்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் டிரைவில் சாதிச் சான்றிதழைக் காணோம். என்ன செய்வது?

பதறாதீங்க. முதலில், எந்த ஜிமெயிலில் லாகின் ஆகியிருக்கீங்க என்று பாருங்க. அடுத்து, ட்ராஷ்: டெலிட் ஆன ஃபைல் 30 நாள் அங்கே இருக்கும். மலையில் சிக்னல் இல்லாதபோது அப்லோடு கொடுத்திருந்தால், ஃபைல் இன்னும் போனிலேயே காத்திருக்கலாம்.

சிக்கல் சில நேரம் நம் பக்கம் இருக்காது. 2023 நவம்பரில் டிரைவின் டெஸ்க்டாப் ஆப் கோளாறால் சிலரின் ஃபைல்கள் மாயமாகின. 2025 செப்டம்பரில் தென்கொரிய அரசின் டேட்டா சென்டரில் தீப்பிடித்து, 858 டெராபைட் அழிந்தது. வெளியே பேக்கப் இல்லை!

பூட்டு பலமா இருப்பது வேறு, இன்னொரு காப்பி இருப்பது வேறு. 'செக்யூர்' என்றால் திருட முடியாது. தொலையாது என்று அர்த்தமில்லை. டிஜிலாக்கரிலும் 'இஷ்யூடு' ஆவணத்தை, வழங்கிய துறையிடமிருந்தே மறுபடி எடுக்கலாம். நீங்களே அப்லோடு செய்ததை டெலிட் செய்தால், உங்களிடம் உள்ள காப்பிதான் கதி.

அதனால் க்ளவுடில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, பீரோவில் ஒரிஜினல். சீட் கைநழுவினால் எந்த ஆப்பும் அதை ரெஸ்டோர் செய்யாது.