வாசலோடு சரியா ஜமாப்?

அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சீன இசைக்குழு ஒன்று உண்டு. வேறு பாடம் படிக்கிற பிள்ளைகளும் சேர்ந்து எர்ஹு, பிபா போன்ற சீன வாத்தியங்களைப் பழகலாம். எர்ஹுவுக்கு இரண்டே தந்தி. வில்லில் கட்டிய குதிரைமுடி அவற்றின் நடுவில் ஓடும். நல்ல நாதம் வருமுன் நிறைய நாள் கீச்சிடத்தான் செய்யும். கீச்சிட இடம் கொடுக்கிறார்களே, அதைச் சொல்லுங்கள்! அதே பல்கலைக்கழகத்தில்தான் பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதன் 1963 முதல் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார்.

நம் சேவூர், அவிநாசிப் பக்கம்? கல்லூரி விழாவுக்கு மந்திரி வந்தால் வாசலில் ஜமாப். அவர் உள்ளே போனதும் டி.ஜே. அடித்தவர்கள் வேனில் ஏறிவிட வேண்டியதுதான். அவர்களில் ஒருவரை வாரம் இரண்டு மணி நேரம் வாத்தியாராக உட்கார வைத்தால் என்ன குறைந்துவிடும்? நாகஸ்வரம், தவில் கற்க இசைக்கல்லூரிக்குத்தான் போகவேண்டுமாம். பொறியியல் படிக்கிற பையன் தொட்டால் தீட்டா?

வேலைக்கு உதவாது என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது எனக்கு டோ-ரே-மி சொல்லித் தந்தார்கள். முப்பது வருடம் ஃபைல் கட்டியதற்கு அது உதவவில்லைதான். அல்ஜீப்ரா மட்டும் உதவியதா?