குப்பையும் எருவும்

நம் சிற்றூர்களில் 'வயலுக்குக் குப்பை அடித்தல்' என்றொரு வழக்கு உண்டு. மாட்டுவண்டியில் எருவேற்றிச் சென்று நிலத்தில் இடுவதையே அது குறிக்கும். உழவனின் நாவில் குப்பை என்பது உரம். நகரத்தார் நாவிலோ அது முகஞ்சுளிக்க வைக்கும் கழிவு. இச்சொல்லின் பொருள் திரிந்த கதையில் நம் பிழையொன்றும் ஒளிந்திருக்கிறது.

கழிவைப் பேரளவில் எருவாக்குதல் மேனாட்டுக் கலை எனப் பலர் எண்ணுகின்றனர். ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆய்ந்து வகுத்ததே 'இந்தூர் முறை'. யஷ்வந்த் வாட் என்பாருடன் இணைந்து அவர் எழுதிய நூல் 1931இல் வெளிவந்தது. இந்திய உழவர்களைத் தம் ஆசான்களாகவே அவர் மதித்தார். 1939இல் சி.என். ஆச்சார்யா பெங்களூரில் நகரக் கழிவுகளுக்கென மற்றொரு முறையைக் கண்டார். ஆதலின் அறிவுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

முறையும் கடினமன்று. சோறு, காய்கறித் தோல், இறைச்சி ஆகியவற்றில் ஈரமும் தழைச்சத்தும் மிகுதி. அவற்றோடு சருகு, வைக்கோல், மரத்தூள் முதலிய உலர்பொருள்களைக் கலத்தல் வேண்டும். கரிமம் முப்பது பங்கும் தழைச்சத்து ஒரு பங்கும் இருத்தல் நன்று என்பர். பெருநிலையங்களில் இக்கலவையை நீண்ட வரப்புகளாகக் குவித்து, எந்திரங்களால் புரட்டிப் போடுகின்றனர். நுண்ணுயிர்களின் உழைப்பால் குவியலின் வெப்பம் தானே ஏறும். 55 பாகைக்கு மேல் அது பல நாள்கள் நிலைத்தால் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் மாளும். 70 பாகையைத் தாண்டினாலோ உழைக்கும் நுண்ணுயிர்களே மடியத் தொடங்கும்! புரட்டாது விட்டால் காற்றின்றி அழுகி நாறும். மீத்தேன் வாயுவும் பிறக்கும். இறுதியில் பல வாரங்கள் ஆறவிட்டுச் சலித்தெடுத்தால் மண்வாசனை கமழும் எரு கிட்டும்.

அங்ஙனமாயின் நம் நகரங்களில் குப்பை மலைகள் வளர்வானேன்? எந்திரக் குறை என்பர் சிலர். அஃது ஒரு பகுதி உண்மையே. முதற் காரணம் கலப்படம் என்பேன். கண்ணாடிச் சில்லும் மின்கலமும் நெகிழித்தாளும் சோற்றோடு கலந்து வந்தால் எவ்வெந்திரத்தாலும் முற்றப் பிரித்தல் இயலாது. சில்லு கலந்த எருவை எந்த உழவன் வாங்குவான்? அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம் 2009இல் உணவுக் கழிவைத் தனியே பிரித்தளிப்பதைக் கட்டாயமாக்கியது. அங்கு விளைந்த எரு திராட்சைத் தோட்டங்களுக்குச் சென்றது.

அண்மையில் ஒரு திருமண மண்டபத்தின் கொல்லைப்புறம் செல்ல நேர்ந்தது. வாழையிலை, எலும்பு, பிரியாணி, நெகிழிக் குவளை, தண்ணீர்ப் புட்டி யாவும் ஒரே குவியலாய்க் கிடந்தன. உண்டு எழும்போது பிரிப்பது ஒரு நொடி வேலை. குவிந்தபின் பிரிப்பவர் கைகளோ நம் கைகளல்ல. (ஒரே சகனில் சிலர் கூடியமர்ந்து உண்ட நம் முன்னோர் விருந்தில் எறிவதற்கு இலையுமில்லை, குவளையுமில்லை.)

மண்டபங்களை நிருவகிக்கும் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைகழுவும் இடத்தருகே இரு தொட்டிகளை வைத்து, அங்கு நிற்க ஒருவரையும் அமர்த்துங்கள். வாடகைச் சீட்டிலேயே அதனை நிபந்தனையாக எழுதிவிடலாம்.

கல்லூரிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகமுடைய நிறுவனங்கள் மட்கும் கழிவை இயன்றவரை தம் எல்லைக்குள்ளேயே பதப்படுத்த வேண்டுமென 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்துரைத்தன. விடுதியில் நாள்தோறும் மிஞ்சும் சோறு வண்டியேறி வெளியே செல்கிறது. அதே வளாகத்தில் வேம்பும் புங்கமும் உதிர்க்கும் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோம். அச்சோற்றுக்கு வேண்டிய கரிமம் அந்தச் சருகில்தான் இருக்கிறது.